அட்டையில் பிறந்த வாள்

1990 நவம்பரில் அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ‘ரீயூனியன்’ என்ற பகுதியில்தான் பட்லெத் என்ற ஆயுதம் முதன்முதலாகத் திரைக்கு வந்தது. பிறை போல வளைந்த அலகு, இரு பக்கமும் இரட்டைக் கூர், முதுகுப் பக்கத்தில் கைபோட்டுப் பிடிக்க மூன்று இடம். பத்துத் தலைமுறையாகத் தன் குடும்பத்தில் இருக்கும் ஆயுதம் என்று கிளிங்கோன் என்ற விண்வெளி மறவர் இனத்து வீரன் வோர்ஃப் சிறுவன் அலெக்சாண்டருக்கு அதைக் காட்டுகிறான். பிறகு, தான் நேசித்த பெண்ணைக் கொன்ற டூராஸை அதே ஆயுதத்தால் வெட்டிச் சாய்க்கிறான். கதைக்குள் பத்துத் தலைமுறை. கதைக்கு வெளியே அது அந்தப் படப்பிடிப்புக்கென்று புதிதாகச் செய்த பொருள்.

அதை வடிவமைத்தவர் டான் கரி. தொடரின் காட்சி விளைவுகளைக் கவனித்தவர். இளமையில் அமெரிக்கத் தொண்டர் படையில் சேர்ந்து தாய்லாந்தில் வாழ்ந்தவர், ஆசியத் தற்காப்புக் கலைகளைப் பழகியவர். விண்வெளி மறவர்களின் கையில் கடற்கொள்ளையர் வாளைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. சீனப் பிறைக் கத்திகள், இரட்டைக் கோடரி என்று தான் அறிந்த ஆயுதங்களை மனத்தில் கலந்து புதிதாக ஒன்றை வரைந்தார். முதல் மாதிரியை நுரை அட்டையில் வெட்டிக் கையில் பிடித்துச் சுழற்றிப் பார்த்தார். அதைப் பார்த்தே தயாரிப்பாளர்கள் சம்மதித்தார்கள். படப்பிடிப்புக்கு அது அலுமினியமானது. வோர்ஃபாக நடித்த மைக்கேல் டோர்னுக்கு அதைச் சுழற்றும் முறையையும் கரியே சொல்லிக்கொடுத்தார்.

நுரை அட்டையை எனக்கு நன்றாகத் தெரியும். வடமேற்கு லண்டனில் சிறிய நாடகக் குழுக்களுக்கு அரங்கப் பொருட்கள் செய்தும் பராமரித்தும் கொடுப்பது என் வேலை. மக்பெத்தின் குத்துவாள், ஜூலியஸ் சீசரைக் குத்தும் கத்திகள், பாடசாலை நாடகங்களுக்கான கட்டபொம்மன் வாள் எல்லாம் என் களஞ்சியத்தில் ஒரே பூட்டுக்குள் இருக்கின்றன. எங்கள் தொழிலில் ஒரு கத்தியை மூன்று விதமாகச் செய்வோம். கமராவோ முன்வரிசையோ கிட்ட நின்று பார்க்கும் காட்சிக்கு ஒன்று. உலோகத்தில், வேலைப்பாட்டோடு இருக்கும். அதற்கு ஹீரோ என்று பெயர். சண்டைக் காட்சிக்கு இறப்பரிலோ இலேசான வார்ப்பிலோ இன்னொன்று, அது ஸ்டண்ட். பின்னணியில் நிற்பவர்களின் இடுப்பில் செருக மூன்றாவது. ஹீரோவும்கூட வெட்டாது. வெட்டினால் அந்தப் பொருளைச் செய்தவர் தொழில் தெரியாதவர்.

திரையில் நாம் கண்ட பட்லெத் வெட்டும் ஆயுதமாக ஒருநாளும் இருந்ததில்லை. இதை நான் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. அதன் நகலை வாங்க நினைக்கும் பலர், கூராக்கிய எஃகில் செய்தால்தான் அது அசல் என்று நம்புகிறார்கள். அசல் அலுமினியம். அதற்கும் முன்னால், அட்டை.

கிளிங்கோன்களின் கையில் அலகு வந்தது பட்லெத்தோடு அல்ல. 1968 நவம்பரில் வந்த ‘டே ஆஃப் த டவ்’ என்ற பழைய தொடர்ப் பகுதியில் கேப்டன் கேர்க்கின் ஆட்களும் கிளிங்கோன்களும் கப்பலுக்குள் வாள் வீசிச் சண்டை போடுகிறார்கள். 1984 இல் லெனார்ட் நிமோய் இயக்கிய மூன்றாவது படத்தில் கேர்க்கின் மகனைக் கொன்ற குறுங்கத்திதான் பிற்காலத்தில் டக்டாக் என்று பெயர் பெற்றது. நடுவில் ஒரு நீள அலகு. அதன் இரு பக்கமும் மடிந்து கிடக்கும் சிறு அலகுகள் சட்டென்று விரியும். அந்த விரிதல்தான் பார்த்தவர்களின் நெஞ்சில் நின்றது. இன்றைக்கு அதை வாங்க நினைப்பவருக்குச் சட்டச் சிக்கலைத் தருவதும் அதே விரிதல்தான். 1995 இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் வோர்ஃப் சேர்ந்தபோது மெக்லெத் என்ற ஒற்றைக்கை ஆயுதம் வந்தது. அதுவும் கரியின் கைவண்ணம். அதே ஆண்டு நவம்பரில், முதன்முதல் பட்லெத்தைத் தேடிப் போகும் கதையாகவே ஒரு முழுப் பகுதி வந்தது. ஐந்தே ஆண்டில் ஒரு மேடைப் பொருளுக்குப் புராணம் உண்டாகிவிட்டது!

திரைக் கத்தி கடைக்கு வந்த வழி இதற்கும் மூத்தது. 1982 இல் வந்த முதல் ராம்போ படமான ‘ஃபர்ஸ்ட் பிளட்’டுக்கு ஆர்கன்சோவைச் சேர்ந்த கத்திக் கொல்லர் ஜிம்மி லைல் ஒரு கத்தி செய்தார். முதுகில் அரம்பப் பல், உள்ளீடற்ற கைப்பிடி. படம் ஓடியது, அதைவிட வேகமாகக் கத்தி ஓடியது. உலகமெங்கும் அதன் மலிவுப் பிரதிகள் விற்பனைக்கு வந்தன. 1988 இல் வந்த மூன்றாவது ராம்போ படத்துக்குக் கத்தி செய்தவர் கில் ஹிப்பன். அவரே பின்னர் ஸ்டார் ட்ரெக்கின் கிளிங்கோன் ஆயுதக் கொல்லர் என்றும் பெயர் பெற்றார். படத்துக்காக ஒன்று, உரிமத்தோடு சில ஆயிரம், உரிமமில்லாமல் எண்ணிக்கையில்லாத மலிவுச் சரக்கு என்று ஒரு புதுத் தொழில் தழைத்தது. ரசிகர் மாநாட்டு மேசைகள், கத்திச் சஞ்சிகைகளின் விளம்பரப் பக்கங்கள், தபால் விற்பனைப் பட்டியல்கள் எல்லாம் அதன் சந்தையாகின.

அந்த மலிவுச் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சுவரில் மாட்டவென்று விற்கும் பெரிய அலகுகள் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகில் செய்தவை. சமையற் கத்தியின் அளவுக்கு அந்த எஃகு நல்லது. ஒரு மீற்றர் நீளத்துக்கு அதை நீட்டி வீசினால் நொறுங்கும் இயல்புடையது. இன்னும் மோசமானது கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதி. நல்ல வாளில் அலகின் எஃகே அகலம் குறையாமல் கைப்பிடிக்குள் நீளும். மலிவு வாளில் அலகின் அடியில் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டிவைத்து மறையாணியால் முறுக்கியிருப்பார்கள். தொழிலில் இதை எலிவால் என்போம். இரண்டு வீச்சில் ஒட்டு விட்டு அலகு பறந்துபோய் யார் மேலாவது பாயும். இப்படிப்பட்ட ஒன்றை ஒரு நாடகக் குழு இரவல் வாங்கி ஒத்திகைக்குக் கொண்டு வந்தால், நான் உள்ளே விடுவதில்லை.

இனி சட்டம். நான் வாழும் இங்கிலாந்தை வைத்தே சொல்கிறேன். திரைக்கும் கத்திச் சட்டத்துக்கும் இங்கே இருக்கும் உறவு மிக நெருங்கியது.

பொத்தானை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் கத்தியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1950 இல் ஓர் அமெரிக்கப் பெண்கள் சஞ்சிகை ‘கொல்லும் பொம்மை’ என்ற பொருள்பட ஒரு கட்டுரை வெளியிட்டது. பின்னால் 1955 இல் ‘ரெபெல் விதவுட் எ காஸ்’, 1957 இல் ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ என்று படங்கள் வந்தன. தெருவில் திரியும் இளைஞனின் அடையாளமாக அந்தக் கத்தி மக்கள் மனத்தில் பதிந்தது. 1958 இல் அமெரிக்கக் காங்கிரஸ் மாநிலங்களுக்கிடையே அதன் வணிகத்தைத் தடுத்தது. 1959 இல் பிரித்தானியா அதைச் செய்வதையும் விற்பதையும் தடை செய்தது.

இரண்டாவது அலை நிஞ்சாப் படங்களோடு வந்தது. பிரித்தானியத் தணிக்கைச் சபையை நடத்திய ஜேம்ஸ் ஃபெர்மன், 1979 இலிருந்து புரூஸ் லீயின் படங்களில்கூட நுன்சாக்கு என்ற சங்கிலிக் கம்பு தெரியும் காட்சிகளை வெட்டச் சொன்னார். 1988 இல் குற்றவியல் நீதிச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணை வந்தது. 14 ஆயுதங்களைப் பெயர் சொல்லித் தடுத்தது. அந்தப் பட்டியலில் எறியும் நட்சத்திரம், வண்ணத்துப்பூச்சிக் கத்தி, கைநகம், கால்நகம், சங்கிலி கட்டிய அரிவாள் எல்லாம் உண்டு. வீடியோக் கடை அலுமாரியிலிருந்து எழுதி எடுத்தது போலத்தான் எனக்குத் தோன்றும். 1990 இல் இங்கே குழந்தைகளுக்கான ஆமைக் கார்ட்டூன் வந்தபோது, அதன் தலைப்பில் இருந்த ‘நிஞ்சா’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஹீரோ’ என்று மாற்றினார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில்தான் பி.பி.சி. இரண்டாம் அலைவரிசையில் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடங்கியது. ஈஸ்ட் ஹாமில் வாடகை வீட்டின் முன்னறையில் அண்ணாவும் நானும் இரண்டையும் பார்த்தோம்.

மூன்றாவது அலை இன்னும் ஓயவில்லை. 2008 ஏப்ரலில், 50 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ நீளமுள்ள வளைந்த அலகுடைய வாள்கள் தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2016 ஓகஸ்டில் ‘சொம்பிக் கத்தி’ சேர்ந்தது. அதன் வரையறையைக் கவனியுங்கள்: வெட்டும் விளிம்பு, பல் விளிம்பு, கூடவே வன்முறைக்குப் பயன்படும் என்று உணர்த்தும் படமோ எழுத்தோ. ஒரு கத்தியில் எழுதியிருப்பதைக் கொண்டு அதைத் தடை செய்தார்கள். உடனே விற்பனையாளர்கள் எழுத்தை அழித்துவிட்டு அதே கத்தியை விற்றார்கள். 2021 ஜூலை முதல், தடைப் பட்டியலில் உள்ளவற்றை வீட்டுக்குள் வைத்திருப்பதும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமானது. 2024 செப்டெம்பர் 24 முதல் எழுத்தை விட்டுவிட்டு உருவத்தையே சட்டம் எழுதத் தொடங்கியது: எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட அலகு, வெட்டும் விளிம்பு, கூர்முனை, அவற்றோடு நீண்ட பல் விளிம்பு, ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள், முட்கள், இரண்டுக்கு மேற்பட்ட கூர்முனைகள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. 2025 ஓகஸ்டில் நிஞ்சா வாள்களும் போயின.

துளையும் முள்ளும் கூடுதல் முனையும் ஒரு கத்தியை நன்றாக வெட்ட வைப்பதில்லை. அவை கண்ணுக்காகச் செய்தவை. இதை என் தொழில் சொல்லித்தரும். மேடையின் பின்வரிசைக்குத் தெரிய வேண்டுமென்றால் நாங்களும் அதைத்தான் செய்வோம். கற்பனைக் கத்தி வடிவமைப்பாளர் அலகை அழகாக்கக் கையாளும் அத்தனை உத்தியையும் சட்டம் எழுத்தில் பட்டியலிட்டிருக்கிறது. கவர்ச்சியைத்தான் அது குறிவைக்கிறது. பதினைந்து வயதுப் பையனை அந்தக் கவர்ச்சிதான் இழுக்கிறது என்பதால், சட்டம் சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறது என்பது என் எண்ணம்.

ரசிகர்கள் சிலர் இதை அரசின் அச்சம் என்று குறைப்படுவார்கள். அவர்களுக்கு வுல்வர்ஹாம்ப்டனை நினைவூட்டுவேன். 2022 கோடையில் அங்கே ஒரு 16 வயதுப் பையன், வேறு யாரோ என்று நினைத்த இரண்டு பதின்ம வயதினரால் வீட்டுக்குக் கிட்டவே கொல்லப்பட்டான். ஆயுதத்தை இணையத்தில் வாங்கியவன் தன் தாயின் அடையாளத்தைக் காட்டித் தபாலகத்தில் அதைப் பெற்றிருந்தான். கொல்லப்பட்ட பையனின் தாயும் சகோதரியும் இணைய விற்பனை விதிகளை இறுக்கும்படி அதற்குப் பிறகு ஓயாமல் போராடினார்கள். அந்த வீட்டின் பக்கம் நின்று பார்த்தால் என்னுடைய சுவர் அலங்காரம் சின்ன விஷயம்.

சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நகல் செய்யும் உரிமை யாருக்கு? இதற்கு மிகச் சிறந்த வழக்கு கத்தியைப் பற்றியது அல்ல, தலைக்கவசத்தைப் பற்றியது. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் வெள்ளைப் போர்வீரர்களுக்கான கவசங்களை 1976 இல் ட்விக்கன்ஹாமில் வார்த்துக் கொடுத்தவர் அண்ட்ரூ அயின்ஸ்வேர்த். 2004 இலிருந்து தன் பழைய அச்சுகளைக் கொண்டு நகல்களை விற்றார். படத்தைத் தயாரித்த லூக்காஸ்ஃபிலிம் அமெரிக்காவில் வழக்குப் போட்டு 2 கோடி டொலர் தீர்ப்பு வாங்கியது. பிறகு இங்கே வந்தது. 2011 ஜூலையில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், கவசம் சிற்பம் அல்ல, படத்தில் ஒரு வேலைக்காகச் செய்த பொருள் என்றது. அதனால் சிற்பத்துக்குரிய நீண்ட பதிப்புரிமை அதற்கு இல்லை; அவர் இங்கே தொடர்ந்து விற்கலாம். ஆனால் அமெரிக்காவில் விற்றதற்கு அமெரிக்கப் பதிப்புரிமையின்படி இங்கேயே அவர் மேல் வழக்கு நடத்தலாம் என்றும் சொன்னது. அரங்கப் பொருள் செய்யும் ஒவ்வொருவருக்கும் அந்தத் தீர்ப்பு முக்கியமானது. எங்கள் கைவேலை சிற்பம் அல்ல என்று ஒரு நீதிமன்றம் சொன்னது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். இருந்தாலும், செய்தவரே தன் வேலையைத் தொடர்ந்து செய்ய வழி கிடைத்ததில் மகிழ்ச்சி.

அண்ணாவின் மகனுக்குப் போன வருடம் 18 வயது முடிந்தது. அந்த வாரமே வந்து, “மாமி, பட்லெத் ஒண்டு வாங்கலாமோ? சட்டத்துக்குள்ள நிக்குமோ?” என்று கேட்டான். தகப்பனோடு உட்கார்ந்து பழைய தொடர் முழுவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளை. வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

முதலில் எதனால் செய்தது என்று கேள். கூராக்கிய எஃகுப் பட்லெத் என்றால் வளைவு, நீளம், முனைகள் மூன்றையும் சட்டத்தின் வரையறைகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். நான் படித்தவரையில் அது தடைக்குள் விழக்கூடிய பொருள், அதைத் தொடாதே. டக்டாக் என்றால் பக்க அலகுகள் பொத்தானில் பாய்கின்றனவா என்று பார். முன்பு சட்டம் கைப்பிடியில் இருக்கும் பொத்தானைப் பற்றித்தான் பேசியது. 2019 ஆம் ஆண்டுச் சட்டம் கத்தியில் எங்கே பொத்தானோ வில்லோ இருந்தாலும் பிடிக்கும்படி அதை விரித்துவிட்டது. பக்க அலகுகள் அசையாமல் வார்த்த நகல்கள் கிடைக்கின்றன. அந்தச் சிக்கல் அவற்றில் இல்லை.

பிசினில் வார்த்தது, அலுமினியத்தில் விளிம்பு மழுக்கியது, கற்பனைப் போர் விளையாட்டுக்காக நுரையும் லேட்டக்ஸும் கொண்டு செய்தது என்று வெட்டாத நகல்கள் பல வகை உண்டு. அவற்றைத் தேடு. தொடரின் உரிமம் பெற்ற பொருள் என்று பெட்டியில் இருக்கிறதா பார். கடைக்காரர் தன் சரக்கை எப்படி விளம்பரப்படுத்துகிறார் என்றும் பார். சண்டைக்கு உகந்தது என்ற தொனியில் கத்தியை விற்பதே 1997 ஆம் ஆண்டுக் கத்திச் சட்டத்தின்படி குற்றம். அப்படி எழுதும் கடை மற்ற விதிகளையும் மதிக்காது. வயதைச் சரிபார்க்காமல் கூரான பொருளை அனுப்பும் கடையையும் விடு. இணையத்தில் வாங்கிய அலகுள்ள பொருளை வாசலில் வயதைப் பார்த்துத்தான் கையில் கொடுக்க வேண்டும்; தபால் பெட்டகத்தில் போட முடியாது. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் எல்லையில் பறிமுதலாகலாம். காசும் போகும், கேள்வியும் வரும்.

வாங்கிய பிறகு பற்றுச்சீட்டை வைத்திரு. வீட்டுக்கு வெளியே கொண்டு போகாதே. மூன்று அங்குலத்துக்குள் இருக்கும், அலகு பூட்டிக்கொள்ளாத மடிப்புக் கத்தியைத் தவிர மற்ற அலகுள்ள பொருளைப் பொது இடத்தில் வைத்திருக்கத் தகுந்த காரணம் வேண்டும். பிசினில் செய்ததென்றாலும் நிலக்கீழ் ரயிலில் பார்ப்பவருக்கு அது தெரியாது. 2012 ஒக்டோபரில் லண்டன் எக்செல் மண்டபத்தில் ஐந்து கேப்டன்களும் ஒரே மேடையில் நின்ற ஸ்டார் ட்ரெக் மாநாடு நடந்தது. இப்படிப்பட்ட மாநாடுகளுக்குப் போனால் நுரை ஆயுதத்தைப் பையில் சுற்றிக் கொண்டு போ, வாசலில் பரிசோதிக்கக் கொடு.

நாடகம், படம், தொலைக்காட்சி, அருங்காட்சியகம் ஆகியவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அது தொழிலுக்கான விலக்கு. படுக்கையறைச் சுவருக்கு அதை நீட்ட முடியாது. ஸ்கொட்லாந்தில் வேறு முறை: வீட்டுப் பாவனைக்கு அல்லாத கத்திகளை விற்பவருக்கு உரிமம் வேண்டும். கனடாவில் இருக்கும் நம்மவர்கள், பொத்தானாலோ கையை உதறினாலோ திறக்கும் கத்தி அங்கே தடை செய்த ஆயுதம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள ஆயுத அலகுகள் ஆயுத விதிகளின் பட்டியலுக்குள் வருகின்றன.

படத்தில் பயன்பட்ட அசலையே வாங்க முடியாதா என்று மருமகன் கேட்டான். முடியும், பணமிருந்தால். 2006 ஒக்டோபரில் நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஸ்டார் ட்ரெக்கின் நாற்பதாண்டுப் பொருட்களை மூன்று நாள் ஏலம் விட்டது. எண்டர்பிரைஸ்-டி கப்பலின் மாதிரி மட்டும் 5,76,000 டொலருக்குப் போனது. மொத்தம் 71 இலட்சம் டொலரைத் தொட்டது. கிளிங்கோன் உடைகளும் ஆயுதங்களும் அதில் விற்றன. அவற்றை வாங்கியவர்கள் வெட்டுமா என்று கேட்டிருக்க மாட்டார்கள். யார் கையில் இருந்தது, எந்தக் காட்சியில் வந்தது என்றுதான் கேட்டிருப்பார்கள்.

மருமகன் கடைசியில் அலுமினியத்தில் விளிம்பு மழுக்கிய ஒன்றைத் தெரிந்தெடுத்தான். முனைகளை நான் என் பட்டறையில் இன்னும் உருட்டிக் கொடுத்தேன். கூர் வேண்டாமா என்று அவனுடைய சிநேகிதர்கள் கேட்டார்களாம். கூர் இல்லாததுதான் டான் கரி செய்த பொருளுக்குக் கிட்ட நிற்கிறது. தொடரை நேசிப்பவர்கள் அதையே வாங்குங்கள். இங்கே விதிகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. காசு கொடுக்கும் முன் அன்றைய விதி என்ன என்று அரசின் தளத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே கூரான ஒன்று தொங்கினால், அதை வெளியே எடுத்துக்கொண்டு புறப்படுவதற்கு முன், எப்படி ஒப்படைக்கலாம் என்று பொலிஸ் நிலையத்தைத் தொலைபேசியில் கேளுங்கள்.